'சும்மா ஒரு கடையில இருந்தேன் சார்': உங்கள் உழைப்பின் மதிப்பை வேலை தருபவரிடம் எடுத்துச் சொல்வது எப்படி?

அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை, இந்தக் கட்டுரைக்காக மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் ஒன்றில் நடந்த தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமுக்குப் போயிருந்தேன். காலை பத்து மணிக்கே வராண்டா நிறைந்துவிட்டது. கையில் ஃபைல், ஃபைலுக்குள் சான்றிதழ்கள், முகத்தில் கொஞ்சம் பதற்றம். ஒவ்வொரு மேசையிலும் ஒரு நிறுவனத்தின் எச்.ஆர். அலுவலர் உட்கார்ந்திருந்தார்.

ஜவுளி விற்பனை நிறுவனத்தின் மேசைக்கு முன்னால் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றார்.

"என்ன வேலை பார்த்தீங்க?"

"சும்மா ஒரு துணிக்கடையில இருந்தேன் சார்."

"எத்தனை வருஷம்?"

"ஏழு வருஷம்."

"சரி, சேல்ஸ்ல போட்டுக்கறோம். பதினோராயிரம் வரும்."

அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். மொத்தப் பேச்சும் ஒரு நிமிடம்கூட இருக்காது. ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்த சம்பளம் பதினோராயிரத்து ஐந்நூறு என்று வெளியே வந்த பிறகுதான் சொன்னார். ஏழு வருட அனுபவத்தோடு வந்தவர், ஐந்நூறு ரூபாய் குறைவான சம்பளத்துக்குத் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார்.

முகாமில் இருந்த தொழில்நெறி வழிகாட்டும் அலுவலர் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்தார். "கடையில எந்த செக்ஷன்மா?" "பட்டுப் புடவை மேடம்." "உங்க பொறுப்புல எத்தனை புடவை இருக்கும்?" "முந்நூறு இருக்கும். ராத்திரி எண்ணி முதலாளிகிட்ட கணக்குக் காட்டிட்டுத்தான் கிளம்புவேன்." "குறைஞ்சிருக்கா?" "ஒருநாளும் இல்ல மேடம்." "புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு யார் சொல்லித் தருவாங்க?" "நான்தான். நாலு பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்." "உங்களைத் தேடி வர்ற கஸ்டமர் உண்டா?" அவர் சிரித்தார். "முகூர்த்த மாசம் வந்தா நானே போன் பண்ணுவேன் மேடம். ஒரு அறுபது நம்பர் இருக்கு."

அலுவலர் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்தார். "இதுல எது 'சும்மா'?" என்று கேட்டார்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. வேலை தேடும்போது, நம்மிடம் இருப்பதை இல்லாததுபோலக் காட்டிக்கொள்ளாமலும், இல்லாததை இருப்பதுபோல அளக்காமலும் சொல்வது எப்படி?

எதிரில் இருப்பவர் எதைத் தேடுகிறார்?

தன்னைப் பற்றித் தானே சொல்வது நம் ஊரில் கூச்சமான விஷயம். 'பெருமை பீத்திக்கிறான்' என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் சிறு வயதிலிருந்தே ஊறிப்போனது. ஆனால் வேலைக்கு ஆள் எடுப்பவர் உங்கள் அடக்கத்தை அளக்க உட்கார்ந்திருக்கவில்லை. அவருக்கு மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும்.

ஒன்று, இந்த வேலை இவருக்குத் தெரியுமா? இரண்டு, நம்பி ஒப்படைக்கலாமா? மூன்று, வந்து நிலைத்து நிற்பாரா?

முகாம் நாளில் அவர் முன்னால் நூறு பேர் வரக்கூடும். ஒருவருக்கு ஐந்து நிமிடம் கிடைத்தாலே அதிகம். அந்த ஐந்து நிமிடத்தில் இந்த மூன்று கேள்விக்கும் பதில் உங்களிடமிருந்து வராவிட்டால், அவர் தன் யூகத்தில் ஒரு பதிலை எழுதிக்கொள்வார். அந்த யூகம் பெரும்பாலும் உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

முதல் வேலை: ஒரு நோட்டு, ஒரு பேனா

பயோடேட்டா தயாரிப்பதற்கு முன்பு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கடைசியாகப் பார்த்த வேலையில் ஒரு சாதாரண நாளைக் காலையிலிருந்து மாலை வரை அப்படியே எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு வரியிடமும் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

1. எவ்வளவு? எத்தனை பில், எத்தனை பீஸ், எத்தனை பேர், எவ்வளவு ரொக்கம்?

2. எதைக் கொண்டு? எந்த மெஷின், எந்தக் கருவி, எந்த சாஃப்ட்வேர்?

3. என்னை நம்பி எதை விட்டார்கள்? சாவியா, கல்லாவா, ஸ்டாக்கா, புதியவர்களுக்குப் பயிற்சியா?

4. நான் வந்த பிறகு எது மாறியது? தாமதம் குறைந்ததா, புகார் குறைந்ததா, விரயம் குறைந்ததா?

நான்காவது கேள்விக்கு எல்லோரிடமும் பதில் இருக்காது. பரவாயில்லை. முதல் மூன்றுக்கு நிச்சயம் இருக்கும்.

சொல்லும் விதம் மாறினால்

சில தொழில்களை எடுத்துக்கொள்வோம்.

பின்னலாடைத் தொழிலாளி: 'கம்பெனியில டெய்லர்' என்பதோடு நிறுத்தாதீர்கள். 'ஓவர்லாக், பிளாட்லாக் இரண்டு மெஷினும் ஓட்டுவேன். டி-ஷர்ட்டில் கழுத்துப்பட்டி வைப்பது என் வேலை. ஒரு ஷிஃப்டுக்கு இத்தனை பீஸ் முடிப்பேன்' என்று சொல்லுங்கள். செக்கிங்கில் எவ்வளவு திரும்பி வரும் என்பதும் தெரிந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐ.டி.ஐ. டர்னர்: 'லேத் வேலை தெரியும்' என்று பத்துப் பேர் சொல்வார்கள். 'டிராயிங் பார்த்துத் தனியாக ஜாப் செட் பண்ணுவேன். மைக்ரோமீட்டரில் 0.01 மி.மீ. வரை அளந்து சரிபார்ப்பேன்' என்பவர் தனியாகத் தெரிவார்.

ஓட்டுநர்: லைசென்ஸ் எந்த வகை, எத்தனை ஆண்டு, எந்தெந்த வண்டி, எந்தத் தடம், இரவு ஓட்டம் உண்டா, வண்டியின் சின்னச் சின்னப் பழுதுகளைத் தானே பார்ப்பாரா? இவ்வளவும் மதிப்புதான்.

அலுவலக உதவியாளர்: 'கம்ப்யூட்டர் தெரியும்' என்பது எதையும் சொல்லாத வாக்கியம். 'தினமும் நாற்பது இன்வாய்ஸ் டேலியில் ஏற்றுவேன். மாத முடிவில் வங்கிக் கணக்கோடு சரிபார்ப்பேன். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப் செய்வேன்' என்றால் எதிரில் இருப்பவருக்குப் படம் கிடைக்கும்.

கவனியுங்கள், மேலே எங்குமே 'கடின உழைப்பாளி', 'நேர்மையானவர்', 'குழு மனப்பான்மை உள்ளவர்' போன்ற சொற்கள் இல்லை. அந்தச் சொற்கள் எல்லா பயோடேட்டாவிலும் இருக்கின்றன. 'முந்நூறு புடவை, ஏழு வருஷம், ஒருநாளும் கணக்கு குறையவில்லை' என்று சொன்னால், 'நேர்மையானவர்' என்பதை எதிரில் இருப்பவர் தானே எழுதிக்கொள்வார்.

அனுபவமே இல்லையே என்பவர்களுக்கு

படிப்பை முடித்து முதல் வேலை தேடுபவர்களிடம் காட்டுவதற்கு மூன்று இடங்கள் உண்டு. முதலாவது, படிக்கும்போது செய்த ப்ராஜெக்ட். தலைப்பை மட்டும் எழுதாமல், நான்கு பேர் சேர்ந்து செய்ததில் உங்கள் பங்கு எது என்று எழுதுங்கள். இரண்டாவது, அப்ரண்டிஸ் அல்லது இன்டர்ன்ஷிப் பயிற்சி. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ் பயிற்சி பெற்றவர்கள், தேர்வு முடித்துப் பெற்ற தேசிய தொழில் பழகுநர் சான்றிதழை ஃபைலின் முதல் பக்கத்தில் வையுங்கள். மூன்றாவது, 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டத்தில் முடித்த படிப்புகள். 'முடித்தேன்' என்பதோடு, அதில் கற்றதை வைத்து என்ன செய்து பார்த்தீர்கள் என்ற ஒரு வரியையும் சேருங்கள்.

விடுமுறையில் அப்பா கடையில் பில் போட்டதும், திருவிழாவுக்கு வரவு-செலவுக் கணக்கு எழுதியதும், கேட்டரிங் வேலைக்குப் போனதும்கூட அனுபவம்தான். மறைக்கத் தேவையில்லை.

இடையில் சில ஆண்டுகள் வேலை இல்லையென்றால்

குழந்தை வளர்ப்பு, பெற்றோரின் உடல்நலம், போட்டித் தேர்வுக்குத் தயாரிப்பு என்று இடைவெளி விழுவது சகஜம். அதை மறைக்க ஆண்டுகளை நீட்டி எழுதினால், ஆவணச் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்வோம். '2019 முதல் 2022 வரை குழந்தை வளர்ப்புக்காக வேலைக்குச் செல்லவில்லை' என்று ஒரே வரியில் நேராக எழுதிவிடலாம்.

ஆனால் அந்த ஆண்டுகளில் நீங்கள் உண்மையிலேயே சும்மா இருந்தீர்களா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். மகளிர் சுய உதவிக் குழுவில் ஊக்குநராக இருந்து பதிவேடு எழுதியவர், பணம் வசூலித்து வங்கியில் கட்டியவர், கடன் தவணையைக் கணக்கு வைத்தவர். இது கணக்கு வேலையின் அனுபவம். 2021-இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் தன்னார்வலராக மாலை வகுப்பு எடுத்தவருக்குக் கற்பித்த அனுபவம் இருக்கிறது. வீட்டிலிருந்தே பிளவுஸ் தைத்துக் கொடுத்தவருக்கு வாடிக்கையாளரைக் கையாளத் தெரியும். இவற்றுக்கும் பயோடேட்டாவில் இடம் கொடுங்கள்.

சொன்னதற்கு ஆதாரம்

வாயால் சொல்வதை ஆவணம் தாங்க வேண்டும். இவற்றைத் தயாராக வைத்திருங்கள்.

அனுபவச் சான்றிதழ்: வேலையை விடும்போதே கேட்டு வாங்குங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அலைய வேண்டியிருக்கும். பதவிப் பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, செய்த பணி நான்கும் அதில் இருக்கட்டும்.

சம்பளச் சீட்டு: கடைசி மூன்று மாதங்களுக்கானது. வங்கியில் சம்பளம் வரவானால் வங்கிக் கணக்கு அறிக்கையும் உதவும்.

பி.எஃப். விவரம்: உங்களுக்குப் பி.எஃப். பிடித்திருந்தால் 12 இலக்க யு.ஏ.என். எண் இருக்கும். அதை வைத்து எந்த நிறுவனத்தில், எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்று இணையத்திலேயே பார்க்கலாம். சான்றிதழ் தர மறுத்த முதலாளியிடம் வேலை பார்த்தவர்களுக்கு இது பெரிய துணை. தேதிகள் தவறாக இருந்தால் இப்போதே திருத்தக் கோருங்கள்.

மதிப்பெண் சான்றிதழ்கள்: டிஜிலாக்கரில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழைக் காட்டலாம். ஆனால் பார்த்ததும் திரும்ப வாங்கிவிடுங்கள்.

கையில் தொழில் இருக்கிறது, ஆனால் காகிதம் எதுவும் இல்லை என்பவர்கள் உண்டு. கொத்தனார், எலெக்ட்ரீஷியன், தையல்காரர் எனப் பலரும் பார்த்துப் பழகியே தொழில் கற்றவர்கள். இவர்களுக்காகத் திறன் பயிற்சித் திட்டங்களில் ஆர்.பி.எல். எனப்படும் முன் கற்றலை அங்கீகரிக்கும் முறை உள்ளது. ஏற்கெனவே தெரிந்த தொழிலில் குறுகிய பயிற்சியும் மதிப்பீடும் நடத்தி, தேறியவர்களுக்குச் சான்றிதழ் தரப்படும். உங்கள் தொழிலுக்குத் தற்போது சேர்க்கை நடக்கிறதா என்பதை மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேளுங்கள். வேலையின் புகைப்படங்களும் ஆதாரம்தான். நீங்கள் கட்டிய மாடிப்படி, வயரிங் செய்த போர்டு, தைத்த உடை ஆகியவற்றைப் போனில் ஒரு தனி ஆல்பமாக வையுங்கள்.

பயோடேட்டா: ஒரு பக்கம் போதும்

மேலே பெயர், எப்போதும் எடுக்கும் ஒரே ஒரு கைபேசி எண், மின்னஞ்சல் முகவரி, ஊர். அடுத்து இரண்டு வரியில் நீங்கள் யார் என்பது. பிறகு அனுபவம், அண்மையது முதலில். அதன் பிறகு படிப்பு, பயிற்சி, தெரிந்த மொழிகள்.

ஆதார் எண், பான் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை பயோடேட்டாவில் எழுத வேண்டாம். வேலை உறுதியான பிறகு கொடுத்தால் போதும். பிரவுசிங் சென்டரில் கிடைக்கும் பழைய மாதிரியில் பெயரை மட்டும் மாற்றிப் பிரிண்ட் எடுக்கும் பழக்கத்தையும் விடுங்கள். வேறு யாரோ ஒருவருடைய பொழுதுபோக்கும் லட்சியமும் உங்கள் பெயரில் போய்விடும்!

ஒரே பயோடேட்டாவை எல்லா இடத்துக்கும் கொடுப்பதும் பலனளிக்காது. விளம்பரத்தில் 'ஸ்டாக் பராமரிப்பு' என்று கேட்டிருந்தால் உங்கள் ஸ்டாக் அனுபவம் முதல் வரிக்கு வரட்டும். 'வாடிக்கையாளர் சேவை' என்று இருந்தால் அது மேலே வரட்டும். விஷயம் அதேதான், வரிசை மட்டும் மாறுகிறது.

'உங்களைப் பத்தி சொல்லுங்க'

நேர்காணலில் தவறாமல் வரும் கேள்வி இது. பலர் அப்பா பெயர், அம்மா பெயர், ஊர், உடன்பிறந்தோர் என்று தொடங்கி, வேலைக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. இரண்டு நிமிடத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்: இப்போது என்ன செய்கிறேன், இதுவரை என்ன செய்தேன், இந்த வேலைக்கு அது எப்படி உதவும்.

வீட்டில் போனில் ரெக்கார்ட் செய்து கேட்டுப் பாருங்கள். முதல் தடவை கேட்கும்போது எல்லோருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். நான்காவது தடவைக்குள் 'வந்து', 'அதாவது', 'சும்மா' எல்லாம் குறைந்திருக்கும்.

ஆங்கிலம் வராது என்பதற்காக வாயை மூடிக்கொள்ள வேண்டாம். "தமிழ்ல சொல்லலாமா சார்?" என்று கேட்பதில் தவறில்லை. ஆங்கிலம் கட்டாயம் தேவைப்படும் வேலை என்றால் அவர்களே சொல்லிவிடுவார்கள். தெரியாத கேள்விக்கு, "இது எனக்குத் தெரியாது, இதுவரை செய்ததில்லை. கத்துக்குவேன்" என்று சொல்லலாம். அடித்துவிட்டு மாட்டிக்கொள்வதைவிட இது மேல்.

சம்பளம் என்று வரும்போது

'நீங்க பார்த்துக் குடுங்க சார்' என்ற பதிலைத் தவிருங்கள். அதே வேலைக்கு உங்கள் பகுதியில் என்ன தருகிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்து, ஒரு தொகையை மனதில் வையுங்கள். சொல்லும்போது காரணத்தோடு சொல்லுங்கள்: "இப்ப இவ்வளவு வாங்கறேன். ஸ்டாக் பொறுப்பும் பயிற்சி குடுக்கிற வேலையும் சேர்த்துப் பார்க்கறதால இவ்வளவு எதிர்பார்க்கறேன்."

சொல்லப்படும் தொகை பிடித்தம் போகவா, பிடித்தத்தோடா என்பதைக் கேளுங்கள். எடுத்துக்காட்டாக, மாதச் சம்பளம் 15,000 ரூபாய், அதில் அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 12 சதவீத பி.எஃப். 1,440 ரூபாய். 0.75 சதவீத இ.எஸ்.ஐ. 113 ரூபாய். வேறு பிடித்தம் இல்லையென்றால் கைக்கு வருவது 13,447 ரூபாய். இந்தப் பிடித்தம் நஷ்டம் அல்ல. ஓய்வுக்காலச் சேமிப்பும் குடும்பத்துக்கு மருத்துவ வசதியும் அதில் இருக்கின்றன. ஆனால் முதலாளியின் பங்கையும் சேர்த்து 'சி.டி.சி.' என்று பெரிய தொகையாகச் சொல்வதும் உண்டு. எனவே, "கைக்கு எவ்வளவு வரும் சார்?" என்று கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள்.

அரசு தரும் உதவிகள்

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு அரசு வேலைக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பதிவை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பதும், புதிதாகப் பெற்ற கல்வித் தகுதியைச் சேர்ப்பதும் அவசியம். அதோடு கூடவே, தனியார் வேலை தேடுவோருக்காக வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் தமிழ்நாடு தனியார் வேலைவாய்ப்பு இணையதளம் தனியாக இருக்கிறது. அதில் வேலை தேடுபவரும் வேலை தருபவரும் கட்டணம் இல்லாமல் பதிவு செய்யலாம். 2015 முதல் செயல்படும் மத்திய அரசின் தேசிய வாழ்வாதாரச் சேவை இணையதளத்திலும் இலவசமாகப் பதியலாம்.

மாவட்ட மையங்களில் வெள்ளிக்கிழமைகளில் சிறிய அளவிலான தனியார் துறை முகாம்கள் நடத்தப்படுகின்றன. எந்த வாரம் என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். அலுவலகத்துக்கு ஒரு போன் செய்து உறுதிசெய்துகொள்ளுங்கள். முகாமுக்குப் போகும்போது பயோடேட்டா நகல் ஐந்தாவது எடுத்துக்கொள்ளுங்கள். தொழில்நெறி வழிகாட்டலும் அங்கே இலவசம். கேட்பவர்கள்தான் குறைவு.

ஓர் எச்சரிக்கை

அரசு முகாமிலோ, அரசு இணையதளத்திலோ வேலைக்குப் பணம் கேட்கப்படுவதில்லை. 'பதிவுக் கட்டணம்', 'யூனிஃபார்முக்கு முன்பணம்', 'லேப்டாப் டெபாசிட்' என்று வாட்ஸ்அப்பில் யாராவது பணம் கேட்டால் அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணத்தை முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

மறுபடியும் அதே மேசை

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அலுவலர் எழுதிக் கொடுத்த தாளை வராண்டாவில் நின்று இரண்டு முறை படித்தார். பிறகு மறுபடியும் அதே வரிசையில் போய் நின்றார். முறை வந்ததும், "சார், காலையில வந்தேன். சரியா சொல்லல. திரும்ப ஒரு தடவை சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

எச்.ஆர். அலுவலர் நிமிர்ந்து பார்த்து உட்காரச் சொன்னார். இந்த முறை பேச்சு ஏழெட்டு நிமிடம் நடந்தது. முந்நூறு புடவை, நாலு பேருக்குப் பயிற்சி, அறுபது வாடிக்கையாளர். காலையில் இரண்டு கேள்வி கேட்டவர் இப்போது ஆறு கேள்வி கேட்டார். கடைசியில், செக்ஷன் சூப்பர்வைசர் பணிக்கு அடுத்த வாரம் தலைமைக் கிளைக்கு நேர்காணலுக்கு வரச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அந்த வேலை கிடைத்ததா? இதை எழுதும் வரை முடிவு வரவில்லை. நேற்று போனில் பேசியபோது, நேர்காணல் நல்லபடியாகப் போனதாகச் சொன்னார். சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார்களாம்.

"தொகையைச் சொல்லிட்டேன் சார். காரணத்தையும் சொல்லிட்டேன்" என்றார்.